ஆயிரம் ஆனாலும் ஹினோகி ஆகுமா?

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது பிளேடு பத்தின பதிவு. பதிவே பிளேடாப் போயிட்டா என்னைத் திட்டப்படாது :-)

டேபிள் டென்னிஸ் பேட்டுல ரப்பரை உரிச்சிட்டா மிச்சம் நிக்கிற வெறும் மரத்துக்குப் பேர்தான் பிளேடு. அதுலயும் நான் பேசப்போறது, பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சு ஆடுறவங்களுக்காக ஜப்பான்காரங்க செய்யிற பிளேடு. "ஒரு மரக்கட்டைக்கு ஒரு முழுப் பதிவா? ஆபீஸ்ல புடுங்க ஆணி எதுவும் இல்லியா?"ன்னு கேக்கறவங்களுக்கு: ஆணி மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. ஆனா ஊருக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து வயித்தெரிச்சல் அடங்கல. இதை இறக்கி வச்சாத்தான் அடுத்த ஆணியில கை வைக்க முடியும். எரிச்சல்ல பாதி என் மேலயேங்கறதையும் இப்பவே ஒத்துக்கறேன்.

நடந்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூர்ல உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியறதுக்கு முன்னாடியே மாயவரத்துல இறங்கினேன். (மயிலாடுதுறைன்னு பேர் மாத்தினது 1982ல. 2020 டிசம்பர்லேர்ந்து தனி மாவட்டமும் ஆயாச்சு. ஆனாலும் வாய்ல மாயவரம்தான் வருது, என்ன பண்ண.) அக்கா வீடு செம்பனார்கோயில் பக்கம் ஒரு கிராமம். அத்தானுக்கு மூணு ஏக்கர். குறுவை அறுப்பு முடிஞ்சு நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு, பணத்துக்காகக் காத்திருந்த நேரம்.

காபி குடிச்சிட்டிருக்கும்போது அத்தான் ஆரம்பிச்சார். "மாப்ள, நீ பையன்கிட்ட சொன்ன ஜப்பான் பேட்டு விலை விசாரிச்சேன். ரப்பரெல்லாம் சேர்த்து இருபதாயிரம் ஆவுமாமே. நெல்லுப் பணம் வந்ததும் வாங்கிடுவோம். வாங்குறதுன்னா ஒரே தடவையா நல்லதா வாங்கிடணும், இல்லியா?"

எனக்குக் காபி தொண்டையில நின்னுடுச்சு. அந்தக் கடைசி வாக்கியம் நான் சொன்னது. போன தீபாவளிக்கு, அதே திண்ணையில உக்காந்து, பெரிய மேதாவி மாதிரி.

குவிண்டால் 2,500 ரூபான்னு கணக்கு வச்சாலும் இருபதாயிரங்கறது 8 குவிண்டால் நெல்லு. 40 கிலோ சிப்பம்னா 20 சிப்பம். சென்னையில கார்டைத் தேச்சிட்டுப் போற எனக்கு அது ஒரு எண். அவருக்கு அது சேத்துல நின்ன நாளு. இத்தனைக்கும் வாங்கினது ஆடுறவனுக்கு உதவும்னா சரி, தொலையட்டும்னு விடலாம். உதவாது. கெடுக்கும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பையனுக்கு வயசு 13. எட்டாவது படிக்கிறான். டவுன்ல ஒரு இடத்துல வாரத்துக்கு மூணு நாள் ஆடப் போவான். என்னைப் பாத்துப் பாத்து அவனும் பேட்டைப் பேனா மாதிரிதான் பிடிப்பான். (நான் எப்படிப் பிடிச்சேன்னு கேக்கறீங்களா? இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த ஒரே பேட்டுக்குக் கைப்பிடி பாதி ஒடஞ்சிருந்தது. கழுத்தைப் பிடிச்சுத்தான் ஆடியாகணும். மத்தபடி பெரிய தத்துவம் எதுவும் இல்ல.) அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்துட்டு, "இந்தப் பிடியை மாத்து, இல்லன்னா வராதே"ன்னுட்டார். பையன் ரெண்டு வாரமா போகல. ஜப்பான் பேட்டு வந்தாப் போதும், அவருக்குக் காட்டிடலாம்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு பக்கம் தப்பான பேட்டைச் சொன்ன மாமா. இன்னொரு பக்கம் பிடியையே விடச் சொல்ற வாத்தியார். நடுவுல மாட்டிக்கிட்டது பதிமூணு வயசுப் பையன்.

சரி, அந்த ஜப்பான் பேட்டு அப்படி என்னதான் ஒசத்தி?

ஒசத்திதான், அதுல சந்தேகமே வேண்டாம். ஹினோகின்னா ஜப்பானிய சைப்ரஸ் மரம். அவங்க ஊர் கோயில்களை இழைச்ச மரம், ஹோர்யூஜியும் இசே ஆலயமும் அதுலதான் நிக்குது. எடை கம்மி, மெத்துன்னு இருக்கும், மூக்குக்கிட்ட கொண்டு போனா எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு வாசனை. நல்ல ஜப்பானிய பென்ஹோல்ட் பிளேடுங்கறது இந்த மரத்துல ஒரே பலகையா, ஒட்டே இல்லாம, 9லேர்ந்து 10 மில்லிமீட்டர் தடிப்புல அறுத்தது. வடிவம் நீளச் சதுரம். பிடிக்கிற இடத்துல தக்கை. ஆள்காட்டி விரல் கொக்கி மாதிரி மாட்டிக்கிறதுக்குத் தக்கையில ஒரு மேடு. பந்து பட்டா அந்த அதிர்வு விரல் வழியா தோள் வரைக்கும் போகும். ஒரு தடவை அதுல நல்லா விழுந்த டாப்ஸ்பின் அடிச்சவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். நான் மறக்கல.

வெலை ஏன் இப்படிங்கறதுக்கும் காரணம் இருக்கு. பேட்டு அகலத்துக்கு ஒரே பலகை வேணும், ரேகையெல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி நேரா ஓடணும், முடிச்சு இருக்கக் கூடாது. அப்படின்னா மரம் நல்லா வயசானதா, பருத்ததா இருந்தாகணும். அந்த மாதிரி மரம் நினைச்ச நேரத்துல கெடைக்காது. ஆக, விலையில ஏமாத்து எதுவும் இல்ல. நம்மூர்ல "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா"ன்னு சொல்லுவோமே, அந்த மாதிரி ஒரு பக்தி பென்ஹோல்ட் ஆடுறவங்களுக்கு ஹினோகி மேல. என் சண்டை மரத்தோட இல்ல. அதை யார் கையில, எப்போ குடுக்கறோம்ங்கறதுலதான்.

என் கதையைச் சொல்லிடறேன். 2018ல மொத சம்பளம் வந்ததும் நான் வாங்கின மொத பொருள் அதுதான். அம்மாவுக்குப் புடவை ரெண்டாவது மாசம்தான் (கூறைநாட்டுக்காரன்கிட்ட இதைச் சொன்னா அடிப்பான்). வாங்கி வந்த மொத வாரம் சொர்க்கம். ரெண்டாவது வாரம் பந்தெல்லாம் மேஜையைத் தாண்டிப் போச்சு. மூணாவது வாரத்துலேர்ந்து நானே அறியாம வீச்சைச் சுருக்க ஆரம்பிச்சேன். இடுப்புலேர்ந்து சுத்தி வந்துக்கிட்டிருந்த ஃபோர்ஹேண்ட், ஆறு மாசத்துல கொசு அடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. கூட ஆடுறவன் ஒருத்தன், "ஏண்டா இப்படித் தொட்டுத் தொட்டு ஆடுறே, பயமா?"ன்னான். பயம்தான். வெளியில போயிடுமோன்னு ஒரு பயம், இடிச்சிடுமோன்னு இன்னொரு பயம்.

ரெண்டாவது பயமும் பலிச்சுது. வலைக்குப் பக்கத்துல விழுந்த சின்ன பந்தைக் குனிஞ்சு எடுக்கப் போனேன். பேட்டோட சதுர மூலை மேஜை விளிம்புல 'டக்'குன்னு பட்டுது. ரேகை வழியா ஒரு விரல் நீளத்துக்குப் பொளந்துக்கிச்சு. கம்பெனி மேல குத்தம் சொல்ல எதுவுமில்ல. ஒரே பலகை அப்படித்தான் பொளக்கும். நான் அதை வாங்கியிருக்கவே கூடாது. அந்தப் பொளந்த பேட்டைத்தான் தீபாவளிக்குப் பெருமையா எடுத்துட்டுப் போய்ப் பையன்கிட்ட காட்டி, "பாருடா, சாம்பியன் ஆடுற மரம்"னு கதை விட்டேன். இப்ப புரியுதா வயித்தெரிச்சல்ல பாதி யார் மேலன்னு?

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரே ஒரு கணக்காவது போட்டுக்கறேன், கோச்சுக்காதீங்க. ஒரு பலகை வளையாம நிக்கிற விறைப்பு, தடிப்போட மூணு மடங்குப் பெருக்கத்துல ஏறும். அதே மரத்துல 6 மில்லிமீட்டர் பலகையையும் 10 மில்லிமீட்டர் பலகையையும் பக்கத்துல வச்சா, ரெண்டாவது நாலரை மடங்குக்கு மேல விறைப்பு. ஹினோகி மெத்து மரங்கறதால அந்த வித்தியாசம் கையில கொஞ்சம் கொறையும்தான். ஆனாலும் கத்துக்குட்டி கையில அது மதம் புடிச்ச யானை. பந்தை அது தள்ளி விட்டுடும், நீங்க அடிக்க வேண்டியதே இல்ல. கத்துக்கறவனுக்கு அதுதான் விஷம். அவன் அடிக்கணும். முழுசா வீசணும். வீசினா பந்து மேஜையில விழணும். விழுந்தாத்தான் அடுத்த தடவையும் தைரியமா வீசுவான்.

அடுத்தது பொளக்கறது. மரத்துக்கு நீளவாக்குல பலம், குறுக்குவாக்குல பலவீனம். வெறகு பொளந்தவங்களுக்குத் தெரியும். பல அடுக்கு ஒட்டின பிளேடுல ஒரு அடுக்கோட ரேகை நெட்டுக்க ஓடினா அடுத்தது குறுக்க ஓடும். அதனால மூலை இடிச்சா கொஞ்சம் நசுங்கும், பொளந்துக்காது. ஈரக் காத்துல நெளியறதும் கம்மி. ஐப்பசி கார்த்திகையில நம்ம டெல்டா வீட்டுல உப்பு ஜாடியே தண்ணியா நிக்கும். அங்க ஒரு ஒத்தைப் பலகையை எப்படிக் காப்பாத்துவான் பையன்? பீரோவுல பூட்டி வச்சா?

மூணாவது காரணம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். ஜப்பானிய பென்ஹோல்ட் பேட்டு கடையிலேர்ந்து வரும்போது யார் கைக்கும் பொருந்தாது. கட்டை விரல் படுற இடமும், ஆள்காட்டி விரல் மாட்டுற இடமும் கூரா இருக்கும். உப்புத்தாளை வச்சு அவனவன் கைக்குத் தேச்சுக்கணும். கொஞ்சம் தேச்சு, ஆடிப் பாத்து, மறுபடி தேச்சு, ஒரு மாசம் நடக்கிற வேலை அது. தேய்க்கலைன்னா விரலுக்கு நடுவுல தோல் உரியும், வலிக்குப் பயந்து பிடி மாறும், பிடி மாறினா ஆட்டமே மாறிடும். இப்ப சொல்லுங்க. இருபதாயிரம் ரூபா கட்டையில உப்புத்தாள் வைக்க எந்த அப்பனுக்குக் கை வரும்? எந்தப் பையனுக்குத் தைரியம் வரும்? தப்பா தேச்சிட்டா ஒட்ட வைக்க முடியாது. பதிமூணு வயசுக் கை வேற, இன்னும் ரெண்டு வருஷத்துல வேற கை ஆயிடும். இன்னிக்குத் தேச்ச அளவு அன்னிக்கு ஒத்துவராது. அதனால மொத பேட்டுங்கறது தைரியமா தேய்க்கக்கூடிய பேட்டா இருக்கணும். இடிச்சாலும் வீட்டுல யாரும் அழாத பேட்டா இருக்கணும்.

இதைச் சொன்னதும் நம்மாளுங்க வரிசையா கையைத் தூக்குவாங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

"சாம்பியன் அதுலதானே ஆடினான்?" ஆமா, ஆடினான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், தென் கொரியாவோட ரியூ சியுங்மின், சீனாவோட வாங் ஹாவை 4-2ன்னு சாய்ச்சார். அவர் கையில இருந்தது இந்த வகை பேட்டுதான். அந்த ஆட்டத்தை நான் நூறு தடவை பாத்திருப்பேன் (அது நடந்தப்போ எனக்கு ஏழெட்டு வயசு, எல்லாம் பின்னாடி இணையத்துல பாத்ததுதான்). நீங்களும் பாருங்க, ஆனா பேட்டைப் பாக்காதீங்க. காலைப் பாருங்க. பேக்ஹேண்ட் மூலையில விழுற பந்தையெல்லாம் சுத்தி ஓடி வந்து ஃபோர்ஹேண்ட்ல அடிப்பார். அடிச்ச அடுத்த நொடி எதிர் மூலைக்குப் பறப்பார். இந்தப் பிடியில ஒரு பக்கம்தான் ரப்பர். பின்பக்கத்து வெறும் மரத்துல பந்தை அடிச்சா புள்ளி போச்சு, அது விதி. அதனால மேஜை முழுக்க ஃபோர்ஹேண்டாலயே காவல் காக்கணும். இந்த ஆட்டத்தோட மூலதனம் தொடை. அதைக் கடையில விக்கிறதில்ல. அந்த ரியூ இன்னிக்கு ஆட்டத்தை விட்டுட்டு, 2025 ஜனவரியில அவங்க நாட்டு ஒலிம்பிக் கமிட்டித் தலைவராத் தேர்வானார். அவர் பேட்டு மாதிரி பேட்டு வாங்கின லட்சம் பேர் எங்க இருக்காங்க? என்னை மாதிரி பொளந்த கட்டையை அலமாரியில வச்சுக்கிட்டு பதிவு எழுதிக்கிட்டிருக்காங்க.

"சாமான் நல்லா இருந்தா ஆட்டம் மாறும்கிறதுக்கு நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கே?" இருக்கு. 1952, பம்பாய். ஆசியாவுல நடந்த மொத உலக டேபிள் டென்னிஸ் போட்டி. ஜப்பான்லேர்ந்து ஹிரோஜி சாத்தோன்னு ஒருத்தர் தடியான ஸ்பான்ஜ் ஒட்டின பேட்டோட வந்தார். மத்தவங்க பேட்டெல்லாம் 'டொக் டொக்'ன்னு சத்தம் போடும். இவர் பேட்டுல சத்தமே வராது. பந்து எப்ப கெளம்புது, எவ்வளவு வேகம்னு எதிராளிக்குப் புரியவே இல்ல. இறுதி ஆட்டத்துல ஹங்கேரியோட கோசியானை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆயிட்டார். சாமானோட வெற்றின்னா இதுதான், நான் மறுக்கல.

ஆனா கதையைப் பாதியில நிறுத்தாதீங்க. சாத்தோ மறுபடி உலக ஒற்றையர் பட்டம் வாங்கவே இல்ல. ஸ்பான்ஜ் எல்லார் கைக்கும் வந்துடுச்சு, 1959ல ரப்பர் தடிப்புக்கும் உச்சவரம்பு போட்டுட்டாங்க. அதுக்கப்புறமும் ஜப்பான் கொடி பறந்ததுக்குக் காரணம் இச்சிரோ ஒகிமுரா மாதிரி ஆளுங்க. 1954லயும் 1956லயும் உலக சாம்பியன், பேனாப் பிடிதான், வெறித்தனமான உடற்பயிற்சிக்குப் பேர் போனவர். சாமான் ஒரு தடவை கப்பு வாங்கித் தரும். அது புதுசா இருக்கிற வரைக்கும். இன்னிக்கு ஹினோகி யாருக்கும் புதுசு இல்ல.

"மட்டமான பேட்டுல பழகினா கெட்ட பழக்கம் வராதா?" இந்தக் கேள்வி நியாயமானது. வரும். பொம்மைக் கடையில ரெண்டு பேட்டு மூணு பந்துன்னு பாக்கெட்டுல தொங்குமே, அதுல ரப்பர் கண்ணாடி மாதிரி வழுக்கும். எப்படித் தேச்சாலும் பந்து சுழலாது. அதுல ஆடினா சுழற்சின்னு ஒண்ணு இருக்கிறதே பையனுக்குத் தெரியாமப் போயிடும். அதை நான் சிபாரிசு பண்ணல. மட்டமானதுக்கும் உச்சத்துல இருக்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய மைதானமே இருக்கு மக்களே. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் கண்ணுல படறதில்ல. ஒண்ணு ஓசி, இல்லன்னா உசத்தி.

தஞ்சாவூர் பக்கத்துல வீணை செய்றவங்களைக் கேளுங்க. ஒரே பலா மரத்துல குடம், தண்டி எல்லாம் சேர்த்துக் குடைஞ்செடுத்தா ஏகாந்த வீணை. தனித்தனியா செஞ்சு இணைச்சா ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்கு மதிப்பு ஜாஸ்திதான். அதுக்காக ஸ்வராவளி கத்துக்கிற கொழந்தைக்கு அதைத்தான் வாங்கணும்னு எந்தப் பாட்டு வாத்தியாராவது சொல்லுவாங்களா? ஒட்டு வீணையிலயும் சுருதி சேரும், விரல் பழகும். பழகின விரல் பின்னாடி தானா ஏகாந்தத்தைத் தேடும். ஒத்தைப் பலகை ஹினோகிக்கும் இதே ஞாயம்தான்.

இப்ப அந்த வாத்தியார் பக்கம். "பென்ஹோல்டெல்லாம் செத்துப்போன ஆட்டம், இங்க யார் ஆடுறா?"ங்கறது அவர் வாதம். பாதி உண்மை. நம்ம தமிழ்நாடு பெத்த பெரிய ஆட்டக்காரங்க சரத் கமல், சத்தியன் எல்லாருமே கைகுலுக்குற பிடிதான். 2006லயும் 2022லயும் காமன்வெல்த்துல தங்கம் வாங்கினவர் ஆடுற மாதிரி ஆடச் சொல்றதுல தப்பென்ன இருக்கு? சொல்லிக்கொடுக்கவும் அவருக்கு அதுதான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் ரப்பர் ஒட்டின ஜப்பானிய பாணியில ரியூவுக்கு அப்புறம் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் யாரும் வாங்கலங்கறதும் நெசம்.

ஆனா பிடி சாகலைங்க. பாணிதான் மாறுச்சு. சீனாக்காரங்க பின்பக்கமும் ரப்பர் ஒட்டி, பேட்டோட முதுகால பேக்ஹேண்ட் அடிக்கக் கத்துக்கிட்டாங்க. 1996ல லியு குவோலியாங், 2008ல மா லின், ரெண்டு பேரும் பேனாப் பிடியில ஒலிம்பிக் தங்கம். 2024 பாரிஸ்ல ஃபெலிக்ஸ் லெப்ரன்னு ஒரு பிரெஞ்சுப் பையன், 17 வயசு, பேனாப் பிடியோட ஒற்றையர் வெண்கலம். ஐரோப்பாவுல பொறந்த பையன் கையில அந்தப் பிடி இருக்கலாம், மாயவரத்துப் பையன் கையில இருக்கக் கூடாதா? பதிமூணு வயசுல இயல்பா வந்த பிடியை மெரட்டி மாத்தறதுக்கு முன்னாடி, அந்தப் பிடியில அவனுக்குச் சரியான பேட்டு ஒண்ணு குடுத்துப் பாத்திருக்கணுமா இல்லியா? இவ்வளவு நாள் அவன் ஆடினது கைகுலுக்குற பேட்டோட கழுத்தைப் பிடிச்சு. வெரலுக்கு இடமே இல்ல. அப்படி ஆடி பந்து போகலைன்னா குத்தம் பிடி மேலயா?

லெப்ரன் உதாரணத்துலேர்ந்து இன்னொரு பாடமும் இருக்கு. நாளைக்குப் பையன் முதுகு பேக்ஹேண்ட் பழகணும்னு நெனச்சா பேட்டு அதுக்கு வழி விடணும். தடியான சதுர ஹினோகி 90 கிராம் பக்கம் இருக்கும். ஒரு ரப்பர் வெட்டி ஒட்டினா 40லேர்ந்து 50 கிராம். ரெண்டு பக்கமும் ஒட்டினா மொத்தம் 180ஐத் தொடும், அதுவும் எடை பூரா நுனியில. அந்த மணிக்கட்டு தாங்குமா? இருபதாயிரம் குடுத்து வாங்கினா ஒரு பாணியில அவனைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடும்.

அதனால என் முடிவு, உப்புத்தாள் பட்ட விரலோட சொல்றேன்:

1. ஒத்தைப் பலகை வேண்டாம். அஞ்சு அடுக்கு ஒட்டின, வேகம் மிதமான ஜப்பானிய பென்ஹோல்ட் பிளேடே கெடைக்குது. தக்கை மேடு, விரல் கொக்கி எல்லாம் அதுலயும் உண்டு.

2. கூரான சதுரம் வேண்டாம். மூலை நல்லா உருண்டது, இல்லன்னா முட்டை வடிவம். எடை நுனியில குவியாது, மேஜையில இடிக்கிறதும் கம்மி.

3. வெறும் பிளேடு 80, 85 கிராமுக்கு மேல போக வேண்டாம். கடையில தராசு வச்சுப் பாக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

4. ரப்பர் பந்தைப் பிடிக்கிற வகையா இருக்கணும், ஸ்பான்ஜ் 1.8 மில்லிமீட்டர் அளவு போதும். மரத்துல மிச்சம் பிடிக்கிற காசுல ஒரு பகுதியை இங்க போடுங்க. ரப்பர் தேஞ்சா மாத்தணும், அதையும் இப்பவே கணக்குல வைங்க.

5. விளிம்புக்கு நாடா ஒட்டுங்க. பின்பக்கம் முன்பக்க ரப்பரோட நிறத்துலேர்ந்து மாறுபட்டு இருக்கணும். முன்னாடி சிவப்புன்னா பின்னாடி கருப்பு.

6. மிச்ச பணம் ஆடுற நேரத்துக்கு. பஸ் காசு, மேஜை வாடகை, பந்து, வழுக்காத ஒரு ஜோடி ஷூ. ஷூவை மறந்துடாதீங்க, இது காலால ஆடுற ஆட்டம்.

7. ரெண்டு வருஷம் ஆடின பிறகு, "மாமா, நான் முழுசா வீசினாலும் இந்த பேட்டு போதமாட்டேங்குது"ன்னு அவனே வந்து சொல்லணும். அன்னிக்கு ஹினோகி வாங்கலாம். அன்னிக்கு வரைக்கும் அந்த மரம் ஜப்பான்லயே வாசனையா இருக்கட்டும்.

ரேகை எண்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிளேடு வாங்கறதுக்கு முன்னாடி குறுக்க எத்தனை ரேகை ஓடுதுன்னு எண்ணி, இத்தனைக்கு மேல இருந்தாத்தான் ராசின்னு பேசுவாங்க. ரேகை நேரா, நெருக்கமா இருக்கிறது நல்ல மரத்துக்கு அடையாளம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒழுங்கா பத்து பந்து தொடர்ந்து மேஜையில போடத் தெரியாதவன் ரேகை எண்றதும், பரீட்சைக்குப் படிக்காதவன் பேனாவுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறதும் ஒண்ணுதான். பேனாப் பிடிக்குப் பொருத்தமான உவமை, ஹி ஹி.

அத்தான்கிட்ட இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. நான் பேசினதைவிட, என் பொளந்த பேட்டோட கதையைச் சொன்னப்பதான் அவர் நிமிந்து பாத்தார். "மொதல்லயே ஒடஞ்சத சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"ன்னார். என்ன பதில் சொல்றது. அவர் எந்த நெல்லையும் தெரியாம வெதைக்கிறவர் இல்ல. புது ரகம்னா மொத வருஷம் ஒரு மூலையில கொஞ்சம் போட்டுப் பாத்துட்டுத்தான் மூணு ஏக்கருக்கும் போவார். அந்தப் புத்தி எனக்கு மொத சம்பளத்துலயும் இல்ல, தீபாவளித் திண்ணையிலயும் இல்ல.

பையன் மொகம்தான் வாடிப்போச்சு. "அப்ப சாம்பியன் பேட்டு இல்லியா மாமா?"ன்னு கேட்டான். மரம், ரப்பர் ரெண்டும் சேர்த்து ஐயாயிரத்துக்குள்ள வாங்கி அனுப்பினேன். 5 சிப்பம் நெல்லு, அந்தக் காசையும் நானே போட்டேன், அது என் அபராதம். அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ திண்ணையில உக்காந்து ரெண்டு பேரும் உப்புத்தாள் போட்டோம். மொதல்ல சொரசொரப்பானது, அப்புறம் நைசானது. நாலு தேய்ப்புக்கு ஒரு தடவை பிடிச்சுப் பாப்பான், கண்ணை மூடிக்குவான், "இங்க இன்னும் குத்துது மாமா"ம்பான். மறுபடி தேய்ப்பான். அரை நாள் போச்சு. வாடின மொகம் எப்ப சரியாச்சுன்னு எனக்கே தெரியல. அந்தக் கட்டையில இப்ப அவன் கை இருக்கு, வேற யாரு பிடிச்சாலும் பொருந்தாது.

வாத்தியார்கிட்ட நானும் கூடப் போனேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனா அவர் மோசமான மனுஷன் இல்ல. பேட்டை வாங்கி ரெண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்தார். "எனக்கு இந்தப் பிடியில சொல்லிக்கொடுக்கத் தெரியாது தம்பி"ன்னு வெளிப்படையாச் சொன்னார். இதை மொதல்லயே சொல்லியிருந்தா பையன் ரெண்டு வாரம் முடங்கிக் கெடந்திருக்க மாட்டான். கால் பயிற்சி, சர்வீஸ், பந்தைப் படிக்கிறது எல்லாம் தான் பாத்துக்கறதாவும், பிடி விஷயத்தை நான் காணொளி பாத்துச் சொல்லிக்கொடுக்கணும்னும் பேசி முடிச்சோம். பொங்கல் வரைக்கும் கெடு. அதுக்குள்ள முன்னேறலைன்னா பிடியை மாத்தணும். பையன் சரின்னுட்டான். ஜெயிப்பானான்னு எனக்குத் தெரியாது. ஆனா தோத்தா அது அவனோட ஆட்டம் தோத்ததா இருக்கும். என் வாய்ச்சவடாலும் அத்தானோட நெல்லும் தோத்ததா இருக்காது.

கேமரா, கிடார், சைக்கிள், பேட்டுன்னு வீட்டுக் கொழந்தைங்களுக்கு நம்ம கிட்டதான் யோசனை கேக்கறாங்க. ஏன்னா நம்ம நாலு எழுத்து படிச்சிருக்கோம், இணையத்துல மேயத் தெரியும். "வாங்குறதுன்னா நல்லதா வாங்கிடு"ன்னு சொல்றது ரொம்பச் சுலபம், சொல்றவனுக்குக் கௌரவமாவும் இருக்கும். அடுத்த தடவை அந்த வாக்கியம் வாய்ல வந்தா, ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்தக் கொழந்தை அதை ஒடைக்கலாமான்னு கேளுங்க. ஒடைக்கக் கூடாதுன்னா, அது கத்துக்கறதுக்கு ஒதவாது.

டிஸ்கி: ஹினோகி பக்தர்கள் பின்னூட்டத்துல கும்மலாம், காத்திருக்கேன். ஆனா கும்முறதுக்கு முன்னாடி உங்க மொத ஹினோகி இப்ப எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுக் கும்முங்க. அலமாரியிலதானே? :-)